புகைக்கூண்டில் மூவர்ணம்

பாத்தியளா தாயி இந்த அநியாயத்த! நீங்க பெட்டியும் கையுமா ஆபீசுல வந்து நிக்கிய, கொழும்புக் கப்பலு கடல்ல சும்மா நிக்கி. கரி தள்ளுதவன், சமையக்காரன், அத்தன பேரும் தொறமொகப் பாலத்துல கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கானுவ. ஸ்டிரைக்காம் ஸ்டிரைக்கு! த்தூ!

வெள்ளக்காரன் போயி ஒரு வருசம் ஆகல. அவன் கம்பெனிக் கப்பலு அந்தா சங்க ஊதிட்டுப் போகுது. நம்மளப் பாத்து சிரிக்க மாட்டானா? 'இவனுவளுக்குக் கப்பலு ஒரு கேடா'ன்னு கேக்க மாட்டானா? நாட்டு மானம்லா போகுது!

நான் இந்தக் கம்பெனி ஹெட் கிளார்க்கு. புகைக்கூண்டுல மூவர்ணம் அடிக்கச் சொன்னதே நாந்தான். தூரத்துல வரயிலயே இந்தியாக் கப்பல்னு தெரியணும்லா? கொழும்புல ஜனம் கைதட்டிச்சு தெரியுமா... கைதட்டிச்சுன்னா, ஒரு நாலு பேரு. சரி, அத விடுங்க. நிக்காதீய, உக்காருங்க.

எதுக்கு ஸ்டிரைக்குன்னா... ஒருத்தனுக்காவ! வளன்னு ஒரு மணப்பாட்டுக்காரன், பாய்லர்ல வேல. நீராவிக் குழாயி வெடிச்சு ரெண்டு கையும் வெந்து கொழும்பு ஆஸ்பத்திரியில கெடக்கான். அசட்டையா இருந்தான்னு முதலாளி வேலயவிட்டு நீக்கிட்டாரு. அவனத் திரும்பச் சேக்கணுமாம், வைத்தியம் பாக்கணுமாம்! ஒரு கரிமூஞ்சிப் பயலுக்காவ ஒரு தேசமே காத்துக் கெடக்கணுமா?

குழாயி ஒழுகுதுன்னு முன்னாலயே சொன்னானேன்னா கேக்கிய? ஆமா, சொன்னான். எங்கிட்டதான் வந்து சொன்னான். மறுநா பெரிய மனுசங்க வாராங்க, போட்டா புடிக்க ஆளு வருது. அந்நேரம் கப்பல நிறுத்த முடியுமா? 'ஏலே, சாக்கச் சுத்திட்டு ஓட்டுலே, நாட்டு மானம்லே இது'ன்னேன். வேற என்னத்தச் சொல்ல? நீங்களே சொல்லுங்க.

யாருலே அது வாசல்ல? ஸ்டிரைக்குக்காரனுக்கு இங்கன என்னலே சோலி? என்ன தாயி, ஒங்களயா கூப்புடுதான்? பெட்டிய ஏன் தூக்குதிய? என்னது... தோணியா? கொழும்புக்குப் போற தோணியில அவனுவளே ஒங்களுக்கு எடம் கேட்டு வச்சிருக்கானுவளா? ஒங்களுக்கு ஏன் அவனுவ... கொழும்புல யாரு இருக்கா ஒங்களுக்கு?

வளன் பொஞ்சாதியா!

அத மொதல்லயே சொல்லப்படாதாம்மா... நாம்பாட்டுக்கு என்னென்னமோ... நில்லுங்க. அம்மா, ஒரு நிமிசம். வளன்கிட்ட, ஆபீசுல வெசாரிச்சாங்கன்னு சொல்லுங்க.

எம் பேரு... எம் பேரச் சொல்ல வேண்டாம்.