லாஸ்யாவுக்கு ஒரு சீலை

அந்த மெரூன் வேண்டாமுங்க அம்மணி, ரத்தக் கலராட்ட இருக்குது. இந்தப் பச்சையைப் பிரிங்க. ஆமாங்க, தங்கச்சிக்குத்தான். லாஸ்யான்னு பேரு. அஞ்சு மாசமுங்க. பொறந்த ஊட்டுச் சீலை, அண்ணன் நாந்தான எடுக்கோணும்?

ஜாக்கெட்டு எப்பவும் கழுத்து ஏத்தித்தான் தெப்பா. நெஞ்சு நடுவால ஆபரேசன் தழும்பு. சின்னதுல மூட்டு மூட்டா வீங்கிக் காய்ச்சல் வந்துச்சு. கிருமியை அடிக்கக் கெளம்புன ஒடம்பு, அவ இதயத்து வால்வையே கெடுத்துப்போட்டுச்சுன்னாரு டாக்டரு. காலேஜ் முடிக்கையில மெட்டல் வால்வு வெச்சாங்க. பக்கத்துல உக்காந்தா டிக் டிக்குன்னு கேக்குமுங்க. எங்க மாப்பிள்ளை கிஷன், அந்தச் சத்தம் இல்லாட்டித் தூக்கமே வராதும்பாரு.

காயம் பட்டா ரத்தம் உறையோணும்னு நமக்குள்ளயே ஒரு மருந்து ஊறுதாமுங்க. அது இல்லாட்டி முள்ளுக் குத்துனாக்கூட நிக்காதாம். அந்த நல்ல சமாச்சாரமே இவ வால்வையும் காயம்னு நெனச்சுட்டு, மேல ரத்தத்தைக் கட்டியாக்கிப்போடும். அதைத் தடுக்க ஆயுசுக்கும் ஒரு மாத்திரை.

வயித்துப் புள்ளைக்கு அந்த மாத்திரை ஆகாதுன்னு செல்போன்ல எதையோ பாத்துட்டாளுங்க. டாக்டர்கிட்டச் சொல்லியிருந்தா ஊசிக்கு மாத்தியிருப்பாங்க. எங்க, புள்ளையைக் கலைக்கச் சொல்லிப்போடுவாங்களோன்னு பயந்துட்டா. ஒருத்தர்கிட்டயும் மூச்சு உடலீங்க, அவளா நிறுத்திப்போட்டா.

போன வாரம் மாப்பிள்ளை போன் பண்ணுனாரு. ஏனுங்க மச்சான், இப்பல்லாம் அந்த டிக் டிக் கேக்கறதே இல்லீங்கன்னாரு. அட, மாசமாயிருக்கறா, ஒடம்பு பூசிருச்சு, சத்தம் அமுங்கிப்போச்சுன்னு நான் சொன்னேன். ரெண்டு பேருமே சிரிச்சோமுங்க. சந்தோசமா வேற இருந்துச்சு. வால்வுல கட்டி அடைச்சுக்கிட்டதுதான் அப்படின்னு யாரு கண்டா? மூச்சு வாங்குதுன்னு தூக்கிட்டு ஓடுனப்பத்தான் தெரிஞ்சுது. என்னென்னமோ ஊசி போட்டுப் பாத்தாங்க. ஒண்ணுமே கேக்கலீங்க அம்மணி.

சரிங்க, இந்தப் பச்சையே இருக்கட்டும். வளைகாப்புக்குப் பச்சைதான் எடுக்கோணும்னு அவளே சொல்லி வெச்சிருந்தா. இல்லீங்க, ஃபால்ஸ் தெக்க வேண்டாம். ஜாக்கெட்டுத் துணியும் வெட்ட வேண்டாமுங்க, அப்படியே இருக்கட்டும். பொட்டி எதுக்கு, சும்மா ஒரு கவர்ல போட்டுக் குடுங்க போதும். அகலம் மட்டும் பத்துமான்னு ஒருக்கா பாத்துச் சொல்லுங்க.

கோடிச் சீலைங்க அம்மணி. ரெண்டு பேத்துக்கும் சேத்துப் போத்தோணும்.