ஈர விரலுக்கு உரியவர்

இரும்புலியூர்த் திருமண மண்டபத்தில் இன்று பணி நிறைவு விழாவுக்கு அமர்ந்திருப்போர்: பம்மல் தோல் கூடத்து முதலாளி அசார் அவர்கள், மேலாளர் கேஷவ் அவர்கள், தோல் சுழலும் டிரம்மை இயக்கும் சாலமன், அவர் மகள் ரோஸி, தோலின் ஓரம் வெட்டும் கங்கம்மா, அவருடன் வேலை செய்யும் பதினோரு பெண்கள், சுண்ணாம்புத் தொட்டியில் பணிபுரியும் குப்பனும் அவர் குழுவினர் இருபது பேரும், விழா நாயகரின் துணைவியார் ஜஹீரா, விழா நாயகரின் அண்ணனும் இம்மடலை வரைந்தவருமான முன்னாள் மேஸ்திரி முதாசிர். எவரும் விடுபடவில்லை. கேட்கவில்லையே என்று நாளை யாரும் சொல்லக் கூடாது என்பதற்காகவே இந்தக் கணக்கு.

முப்பத்தெட்டு ஆண்டுகள் சுண்ணாம்பு நீரில் நின்றும் முகம் சுளிக்காத செம்மலே! பதம் அறிந்த பண்பாளரே! பழி வந்தபோதும் பிறரைக் காட்டிக்கொடுக்காத பெருந்தகையே! கிபாயத்துல்லா அவர்களே, வாழிய! உங்கள் கதையை உங்களிடமே சொல்வது முறையன்று. ஆகவே இம்மடல் இனி அவையை நோக்கித் திரும்புகிறது.

இவ்விழாவுக்கென்று மேலாளர் ஒரு வீடியோ தயாரித்தார். அதில் கட்டைவிரலை உயர்த்திப் பாராட்டும் வழக்கம் பழங்கால ரோமாபுரியில், வாள்வீரனின் உயிரைத் தீர்மானிக்க எழுந்தது என்று வருகிறது. அங்கே மேலே காட்டிய விரலுக்கு உயிரா சாவா என்று படித்தவர்களுக்குள்ளேயே இன்னும் முடிவாகவில்லை. அது போகட்டும். ரோமாபுரி வரை போகத் தெரிந்தவருக்குத் தம் அறையின் கண்ணாடிச் சன்னலுக்கு அப்பால் இருபதடி எட்டிப் பார்க்கத் தெரியவில்லையே! இந்தக் கூடத்தில் அந்த விரல் எப்படிப் பிறந்தது என்பதற்கு உயிருள்ள சாட்சிகள் இருக்கிறார்கள்.

சுண்ணாம்பு நீக்கிய தோலை டிரம்மிலிருந்து எடுத்து, மடித்து, கிபாயத்துல்லா கட்டைவிரலால் அழுத்துவார். விரல் தடம் அப்படியே நின்றால் தோல் பதமாகிவிட்டது. தடம் மறைந்து தோல் எழும்பினால் இன்னும் ஊற வேண்டும். டிரம்கள் சுழலும் இரைச்சலில் கத்தினாலும் கேட்காது. எனவே அழுத்திய அதே விரலை உயர்த்திக் காட்டுவார். மறுகோடியில் நிற்கும் சாலமன் அந்த விரலிலிருந்து நீர் சொட்டுகிறதா என்று பார்த்த பிறகே அடுத்த வேலையைத் தொடங்குவார். காய்ந்த விரலை உயர்த்தக் கூடாது. இது எங்கும் எழுதப்படாத சட்டம். முப்பத்தெட்டு ஆண்டுகளில் அவர் ஒருநாளும் மீறாத சட்டம். தொட்டுப் பார்த்தேன், இதற்கு நான் பொறுப்பு என்பதே அந்த விரலின் பொருள். தொடாமலே கைபேசியில் ஒரு தட்டுத் தட்டி விரலைப் பறக்கவிடுவோருக்கு இது விளங்குமா?

சென்ற ஐப்பசியில் நான்கு நாள் விடாத மழை. அன்று கிபாயத்துல்லா தோலை அழுத்தினார், தடம் நிற்கவில்லை. இன்னும் இரண்டு மணி நேரம் என்றார்.

"பாய், இன்னிக்கே அடுத்த ஸ்டேஜ் போனாத்தான் ஷிப்மென்ட் போகும். சும்மா ஒரு தம்ஸ் அப் காட்டுங்க, போதும்," என்றார் கேஷவ்.

"சும்மா காட்றதுக்கு இன்னா சார் இது, போட்டோவா?" என்று கேட்டுவிட்டு, கிபாயத்துல்லா விரலைத் துடைத்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். அவர் அப்படிச் செய்தால் முடியாது என்று அர்த்தம். கூடத்தில் எல்லோருக்கும் தெரியும்.

அந்த நேரத்தில் ஜஹீராவிடமிருந்து அழைப்பு. முடிச்சூர் வீட்டு வாசற்படிக்குத் தண்ணீர் வந்துவிட்டது. ஒருமுறை கட்டில் வரை மூழ்கிய வீடு அது. அவர் ஓடினார். பெருங்களத்தூரில் பேருந்து நகராமல் நின்றபோதும் அவர் மனம் அந்த டிரம்மிலேயே இருந்தது. போய்ச் சேர்ந்ததும் சாலமனுக்குப் போன் செய்து, தோல் இன்னும் ஊறட்டும் என்று சொல்ல வேண்டும் என எண்ணிக்கொண்டார். முழங்கால் தண்ணீரில் பீரோவைத் தூக்கியபோது அந்த எண்ணம் நழுவிவிட்டது.

கூடத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கட்டைவிரல் வந்து விழுந்தது. அனுப்பியவர் கேஷவ். பாய் போகும்போது சரி சொல்லிவிட்டுப் போயிருப்பார் என்று நினைத்து, சாலமன் தோலை அடுத்த கட்டத்துக்கு அனுப்பினார். முப்பத்தெட்டு ஆண்டுகளில் முதன்முறையாக ஒரு காய்ந்த விரல் செல்லுபடியானது.

தை மாதம் அந்தத் தோல் முழுவதும் வாங்கியவர்களிடமிருந்து திரும்பி வந்தது. கிபாயத்துல்லா ஒன்றை எடுத்துத் தட்டினார். தோல் விறைத்துப்போய், பலகையைப் போல ஓசை எழுந்தது. எந்தத் தோல் என்று உடனே அவருக்குப் புரிந்துவிட்டது. அருகில் சாலமன் தலைகுனிந்து நின்றார்.

"பாய், நீ சொல்லிட்டுப் போயிருப்பேன்னு நெனச்சிக்கினேன் பாய்."

"வாய மூடு. ரோஸிக்கு இன்னும் ஆறு மாசம் நர்சிங் படிப்பு கீது இல்ல? போய் வேலயப் பாரு."

விசாரணையில், தோல் பதமானது என்று யார் சொன்னது எனக் கேட்டார்கள். கிபாயத்துல்லா வாய் திறக்கவில்லை. வாட்ஸ்அப்பைத் திறந்து காட்டியிருந்தால் கேஷவுக்கு ஒரு கண்டிப்பு. டிரம்மைத் திறந்த சாலமனுக்கோ வேலையே போயிருக்கும். கேஷவும் வாய் திறக்கவில்லை. ஒருவர் மௌனம் பெருந்தன்மை. மற்றவர் மௌனத்துக்கு என்ன பெயர் என்பதை அவரே சொல்லட்டும். எங்கள், அதாவது முதாசிரின், குடும்பத்தில் எவரும் தொடாத பொருளுக்குச் சாட்சி சொன்னதில்லை. அந்த வீட்டுப் பிள்ளையின் மீது இந்தப் பழி இத்தனை மாதம் கிடந்தது.

இம்மடலை எழுதிக்கொண்டிருந்தபோது கேஷவ் வந்து, "அண்ணா, ஃபங்ஷன்ல இதெல்லாம் வேணுமா?" என்றார்.

முதாசிர் எழுதிக்கொண்டே இருந்தார். பதில் கங்கம்மாவிடமிருந்து வந்தது. "வேணும் சார். நல்லா வேணும். பிரேம் போட்டு உன் ரூமுக்கு எதிர்லயே மாட்டப் போறோம்."

இதை எழுதச் சொன்னவர் சாலமன். ரோஸி படிப்பை முடித்துவிட்டாள். இனி எது வந்தாலும் வரட்டும், பாய் பேர் சுத்தமாகணும் என்று அவர் முதலாளியிடம் நேற்றே சென்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். முதலாளி அசார் மடலை வாங்கி, முதல் ஆளாகக் கையொப்பமிட்டார். சாலமன் நாளையும் வேலைக்கு வருகிறார்.

கிபாயத்துல்லா அவர்களே! சுண்ணாம்பு அரித்த உங்கள் விரல்கள் இனி உலரட்டும். உடல் நலமும் மன நிறைவும் நீங்காமல், ஜஹீரா அம்மையாருடன் நூறாண்டு காண்க! முடிச்சூரில் மழை அளவோடு பெய்க!

இங்ஙனம்,
பம்மல் தோல் கூடத்துப் பணியாளர்கள் அனைவரும்.

பின்குறிப்பு: தோலைக் கெடுத்ததால் கிபாயத்துல்லாவை வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று பம்மல் டீக்கடைகளில் சொல்லப்படுகிறது. பொய். அவருக்குச் செவ்வாய்க்கிழமையோடு அறுபது வயது நிறைந்தது. அந்தத் தோலுக்கு அவர் விரல் உயரவில்லை.