வியர்க்காத கை

தங்கை: இன்னும் எவ்வளவு நேரம்க்கா அந்தத் திரைக்குப் பின்னாடியே நிப்ப?

அக்கா: இரு... வந்துடாத. டாப்ஸ் மாத்திக்கிட்டிருக்கேன்.

தங்கை: நான் வந்தப்பதானே ஒண்ணு மாத்தினே?

அக்கா: அதுல காபி கொட்டிருச்சுடி.

தங்கை: முதுகுலயா?

அக்கா: என்ன, போலீஸ் விசாரணையா? ஆமா, முதுகுலதான். திரும்பி நின்னு குடிச்சேன், போதுமா?

தங்கை: நல்லாத்தான் குடிச்சே போ.

அக்கா: வந்துட்டேன், வந்துட்டேன்... ஏய்! மேஜை மேல கை வைக்காத! தைக்கக் குடுத்த கவுன், வெள்ளை சாட்டின். நாளைக்குக் காலையில கல்யாணப் பொண்ணு போட்டுப் பாக்க வரா.

தங்கை: தெரியாதா எனக்கு? கைக்குட்டையை விட்டேனா பாரு.

அக்கா: அதானே. நம்ம ரெண்டு பேர் கையும் பட்ட துணி எது உருப்பட்டிருக்கு? ஆமா, எதுக்குடி இந்த வேகாத வெயில்ல ஸ்வெட்டர்?

தங்கை: ஆபீஸ்ல ஏசி. அப்படியே வந்துட்டேன்.

அக்கா: இங்க ஏசியா இருக்கு? அந்த ஃபேன் சத்தம்தான் போடும், காத்து வராது. கழட்டிப் போடு.

தங்கை: பரவாயில்ல விடுக்கா.

அக்கா: எப்படியோ போ. போன மாசம் ஆபீஸ் டூர் போனியே, ஒரு போட்டோ கூட அனுப்பல?

தங்கை: எடுக்கல... அக்கா, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். கை வியர்வைக்கு நரம்பை அறுத்துக்கிட்டியே, அந்த ஆபரேஷன் பத்தி.

அக்கா: ம்.

தங்கை: எனக்கும் பண்ணலாம்னு சொல்றார் உன் டாக்டர்.

அக்கா: ...உன்னை யாரு அவர்கிட்டப் போகச் சொன்னது?

தங்கை: நீதானே? "கை வியர்வை போயே போச்சு, பிரமாதம்"னு போன்ல அப்படிக் குதிச்சே!

அக்கா: குதிச்சேன்... சொன்னேன்தான். இப்ப என்ன அவசரம் உனக்கு?

தங்கை: அவசரமா? ஆபீஸ்ல விரல் வைக்கிற மெஷின் என் விரலை எடுக்கவே எடுக்காது. துடைச்சுத் துடைச்சு வைக்கணும். பின்னாடி வரிசையே நிக்கும். "ஓட்டைக் குழாய் வந்தாச்சு, எல்லாரும் உக்காந்துக்குங்க"ன்னு ஒருத்தன் சொல்வான். மத்ததெல்லாம் சிரிக்கும்.

அக்கா: அவன் வாயில மண்ணப் போட.

தங்கை: அவனை விடு. நீ சொல்லு. கை மட்டும்தானே? வேற எதுவும் இல்லையே?

அக்கா: வேறன்னா... ஒண்ணுமில்லடி. கொஞ்சம் அப்படி இப்படி இருக்கும்.

தங்கை: அப்படின்னா எப்படி?

முதலாளியம்மா: உள்ள யாரு பேச்சு? அந்த வெள்ளை கவுன் முடிஞ்சுதா இல்லையா?

அக்கா: முடிஞ்சிருச்சும்மா! கை வேலைதான் பாக்கி!

முதலாளியம்மா: இந்தத் தடவையும் இழை இழுத்து வச்சே, நான் பேச மாட்டேன். வேற ஆளைப் பாத்துக்குவேன்.

அக்கா: இல்லம்மா... பாத்துப் பண்றேன்.

தங்கை: இழை இழுக்குதா? நீயா? உன் தையலைக் கண்ணாடி வச்சுத் தேடணும்பாங்களே?

அக்கா: சத்தம் போடாத. பழைய கதை அது.

தங்கை: விரலைக் காட்டு.

அக்கா: வேணாம்.

தங்கை: காட்டுக்கா... அய்யோ! என்ன இப்படி வெடிச்சுப் போயிருக்கு?

அக்கா: காஞ்சு போச்சுடி. சொட்டு ஈரம் இல்ல. விரல் நுனி அப்படியே அரம் மாதிரி இருக்கு. சாட்டினைத் தொட்டாலே இழை மாட்டிக்கும்.

தங்கை: க்ரீம் தடவலாம்ல?

அக்கா: தடவினா துணியில எண்ணெய்க் கறை. அப்ப வியர்வைக் கறைன்னு திட்டினாங்க. இப்ப இழை போச்சுன்னு திட்டறாங்க. எந்தத் துணிக்காக அறுத்துக்கிட்டேனோ, அந்தத் துணியையே இப்ப தொட முடியல.

தங்கை: அக்கா... நாற்காலியில எதுக்குத் துண்டு மடிச்சுப் போட்டிருக்கே?

அக்கா: பலகை குத்துது.

தங்கை: துண்டு ஈரமா இருக்கு.

அக்கா: அதைத் தொடாத, குடு இங்க.

தங்கை: காபி, துண்டுலயும் கொட்டிருச்சா?

அக்கா: குத்திக் குத்திக் கேக்காதடி... சரி, கேட்டுக்கோ. முதுகு, வயிறு, தொடை, கால் வரைக்கும் ஊத்துது. கழுத்துக்கு மேலயும் கையிலயும் ஒரு பொட்டு கிடையாது. அங்க அடைச்சதெல்லாம் இங்க வந்து பீறிடுது. பஸ்ல உக்காந்து எழுந்தா சீட் நனைஞ்சிருக்கும். பின்னாடி நிக்கிறவங்க ஒரு மாதிரிப் பாப்பாங்க. அதனால காலியா இருந்தாலும் நின்னுக்கிட்டேதான் வரேன். கறுப்பைத் தவிர வேற கலர் உடுத்தி எத்தனை காலமாச்சு தெரியுமா?

தங்கை: வெயில் காலத்துலதானே? மத்த நாள்ல?

அக்கா: எல்லாக் காலத்துலயும்தான். மனசு கொஞ்சம் பதறினாப் போதும். சும்மா இருந்தாலும் ஊத்தும்.

தங்கை: ஆனா... முதல்ல அதிகமா இருந்துட்டு, அப்புறம் குறைஞ்சிடும்னு சொல்றாங்களே?

அக்கா: யாரு சொன்னா?

தங்கை: டாக்டர்தான். உடம்பு பழகிக்கும், கொஞ்ச நாள் பொறுத்துக்கணும்னு...

அக்கா: எனக்கும் இதையேதான் சொன்னார். நானும் பொறுத்துப் பொறுத்துப் பாத்தேன். எனக்கு ஒரு சொட்டு குறையல. இந்த வருஷம் இன்னும் மோசம்.

தங்கை: மருந்து மாத்திரை எதாவது...?

அக்கா: தின்னேன். வாய்தான் காஞ்சுது.

தங்கை: அந்த நரம்பைத் திரும்ப ஒட்ட வைக்க முடியாதா?

அக்கா: போய்க் கேட்டேனே. "அறுத்தது அறுத்ததுதான்மா, கை நல்லா இருக்குல்ல, சந்தோஷமா இருங்க"ன்னு அனுப்பிட்டார். அவரைப் பொறுத்தவரைக்கும் ஆபரேஷன் வெற்றி. படிக்கட்டு ஏறுனா உசுரு போய் உசுரு வருதுன்னு சொன்னேன். அதைக் காதுலயே வாங்கல.

தங்கை: அப்ப... இது இப்படியேதானா? கடைசி வரைக்கும்?

அக்கா: இப்படியேதான். நான் விட்டுட்டேன்டி. யாராவது பக்கத்துல வந்து உக்காந்தாலே எழுந்து போயிடறேன். உன் மாமா தனிப் பாய் போட்டுக்கிட்டார். கோபமெல்லாம் இல்ல. ராத்திரி நடுவுல நடுவுல நனைஞ்சு எழுந்திருக்கிறாரே, பாவம், நான்தான் போகச் சொன்னேன்.

தங்கை: ஏன்க்கா இதை என்கிட்டச் சொல்லல?

அக்கா: எந்த முகத்தை வச்சுக்கிட்டுச் சொல்ல? வேணாம் வேணாம்னு அம்மா தலையில அடிச்சுக்கிட்டாங்க. "உங்களுக்கு என்ன தெரியும்"னு கத்திட்டுப் போய்ப் படுத்தவ நான். வந்து "தப்பாப் போச்சும்மா"ன்னு நிக்கச் சொல்றியா? அதான் எல்லார்கிட்டயும் பிரமாதம், பிரமாதம்னு... சொல்லச் சொல்ல அதையே பிடிச்சுக்கிட்டேன்.

தங்கை: எப்படி இருக்குன்னு நான் ஒவ்வொரு தடவையும் கேட்டேனேக்கா.

அக்கா: கேட்டே. அழாதடி, மூஞ்சியைத் துடை. இப்ப சொல்லிட்டேன்ல? எந்தத் தேதி குடுத்திருக்காரோ, வரலைன்னு சொல்லிடு. ஓட்டைக் குழாய்னு எவன் சிரிச்சா என்ன? கை ஈரத்தைக் கைக்குட்டையில துடைச்சிடலாம். இதை எதுல துடைப்பே? போனைக் குடு, நானே பேசறேன்.

தங்கை: வேணாம்க்கா.

அக்கா: என்ன வேணாம்? உன்னையும் இந்தத் துண்டு மேல உக்கார விடுவேனா நான்? அம்மாகிட்டயும் சொல்லிடறேன், திட்டினா திட்டட்டும். குடுடி.

தங்கை: அக்கா...

அக்கா: சரி, அழு. அழுது முடி. கையைக் குடு இங்க. சாட்டின் கிடக்குது, நனைஞ்சா நனையட்டும். சின்னப் பிள்ளையில உன் கையைப் பிடிச்சுக்கிட்டு ரோடு தாண்டினா, மீன் மாதிரி வழுக்கிக்கிட்டு ஓடுவே...

தங்கை: விடுக்கா.

அக்கா: என்னடி இது? உன் கையில ஈரமே இல்ல... கைக்குட்டை கூட மொடமொடன்னு காஞ்சு கிடக்கே... ஏய், என்னைப் பாரு. எதாவது சொல்லுடி!

தங்கை: நான் டூர் எதுவும் போகலக்கா, ஆஸ்பத்திரிக்குத்தான் போனேன். ஆபீஸ் மெஷின் இப்ப முதல் தடவையே என் விரலை எடுத்துக்குது... உன் கறுப்பு டாப்ஸ்ல ஒண்ணு குடேன். ஸ்வெட்டர் வரைக்கும் நனைஞ்சிருச்சு.