கோட்டுக்கு இந்தப் பக்கம்

புழு வளர்ப்பதுதான் என் வேலை என்று சொன்னால் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் கொஞ்சம் தள்ளி உட்காருவார். எனக்கு அது பழகிவிட்டது. சௌகரியமும்கூட.

நீங்கள் நினைக்கிற மாதிரிப் புழுக்கள் இல்லை, ஐயா. ஒரு மில்லிமீட்டர் நீளம்தான் இருக்கும். வெளிச்சம் ஊடுருவிப் போகிற உடம்பு. வெறும் கண்ணுக்குத் தூசி நகர்வது போலத் தெரியும். நாற்றம் கிடையாது. அதாவது, நமக்கு.

ஆண் புழு எப்போது துணை தேடிக் கிளம்புகிறது என்பதுதான் எங்கள் லேப்பின் ஆராய்ச்சி. வட்டத் தட்டு ஒன்றில் ஜெல்லி மாதிரி ஒரு பரப்பு. நடுவில் ஒரு சொட்டு பாக்டீரியா, அதுதான் சாப்பாடு. அதன் மேல் ஒரே ஒரு ஆணை விடுவோம். தட்டின் அடிப்பக்கம், விளிம்பை ஒட்டி, பேனாவால் ஒரு கோடு. சாப்பாடு எவ்வளவு இருந்தாலும், துணை இல்லையென்றால் அது அந்தச் சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பிவிடும். உடம்பு முழுக்கக் கோட்டைத் தாண்டினால் 'போனது' என்று குறிப்போம். தலை மட்டும் தாண்டியிருந்தால் போனதில்லை.

பெண் புழுக்கள் கிடந்த தண்ணீரில் ஒரு சொட்டை ஓரத்தில் வைத்தால் போதும். புழுக்களையெல்லாம் எடுத்திருப்போம், அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். ஆனாலும் ஆண் அந்த இடத்தைக் கண்டுபிடித்து அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஒன்றுமில்லாத இடத்தை அவ்வளவு ஆசையாகத் தடவிப் பார்ப்பதைப் பார்க்கையில் எனக்குப் பாவமாக இருக்கும்.

கிளம்பாத ஆணும் உண்டு. பட்டினி போட்டு வைத்திருந்த ஆண் சாப்பாட்டை விட்டு எங்கும் போகாது. அதற்கு முதலில் வயிறுதான்.

என்னோடு வேலை பார்ப்பவரை எல்லோரும் சோடாபுட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். ஒருமுறை ஒரு ஆண் சாப்பாட்டின் மேலேயே செத்துக் கிடந்தது. "இதை 'இருந்தது'ன்னு போட்டுடலாமா?" என்று கேட்டேன்.

"செத்துக் கிடக்கிறது எப்படிங்க இருக்கிறதாகும்? கணக்குலேருந்தே தூக்கிடுங்க."

"கோட்டுக்கு இந்தப் பக்கம்தானே கிடக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சிரித்தார். "நல்லவேளை, நீங்க கல்யாணம் பண்ணிக்கலை. உங்ககிட்ட மாட்டினவன் செத்தும் தப்பிக்க முடியாது."

நானும் சிரித்தேன். நல்ல மனிதர், அவரை இதில் இழுக்க வேண்டாம்.

என் தம்பிக்கு நான்தான் அம்மா. பெற்றவர்கள் ஒரே விபத்தில் போனபோது அவனுக்குப் பால்பற்கள்கூட முழுசாக விழவில்லை. நான் கல்லூரியில் இருந்தேன். வளர்ந்து லிப்ட் மெக்கானிக் ஆனான். நாங்கள் இருந்தது லிப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடி. "ஊருக்கெல்லாம் லிப்ட் விடுறேன், என் அக்காவை மட்டும் படி ஏறவிடுறேன்" என்பான். வேலை முடிந்து வந்தால் கிரீஸ் வாசனையோடு நேரே அடுக்களைக்கு வந்து, கொதிக்கிற பாத்திரத்தைத் திறந்து பார்ப்பான். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

பிறகு அவன் சட்டையில் கிராம்பு வாசனை வர ஆரம்பித்தது.

பல் டாக்டரிடம் உதவியாளராக இருந்த பெண். அங்கே கிராம்புத் தைலம் புழங்கும் போலிருக்கிறது. அவள் வந்துவிட்டுப் போனால் சோபாவில், துண்டில், அவன் தலையணையில்கூட அந்த வாசனை நிற்கும். நான் எல்லாவற்றையும் துவைத்தேன். நல்ல பெண்தான். அவளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது, இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொண்டு அங்கே போவதாக முடிவு. "உன்னையும் கூட்டிட்டுப் போறோம்கா" என்றான். அதைச் சொல்லும்போது அவன் என்னைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தான்.

அந்தச் சமயத்தில்தான் அவனுக்கு வயிற்றில் புண் வெடித்து ஆபரேஷன் ஆனது. அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை. நீங்கள் விசாரித்துப் பார்க்கலாம். அவன் மயக்கத்தில் இருந்தபோது டாக்டர் வராந்தாவில் என்னிடம் சொன்னார்: இரண்டு வாரம் கஞ்சி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் சாப்பிடலாம். அந்த முதல் பாதியை மட்டும் நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

"இன்னும் எத்தனை நாள்கா இந்தத் தண்ணி?"

"உள்ளே தையல் ஆறலையாம். கெட்டியா ஏதாவது உள்ளே போனா பிரிஞ்சுடும்னு சொல்லியிருக்கார்."

"உன் புழுவுக்குக்கூட வயிறு முட்டச் சோறு போடுற. என்னைப் பாரு." சிரித்துக்கொண்டேதான் சொன்னான். என் பேச்சை அவன் சந்தேகப்பட்டதே இல்லை. வீட்டில் படித்தவள் நான்.

மறுபடி காட்ட வேண்டிய நாளில், "நீ படி இறங்க வேண்டாம், நானே கேட்டுட்டு வரேன்" என்று கிளம்பினேன். நல்லபடியாகத் தேறி வெளியூர் போய்விட்டான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னேன். கஞ்சியில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். வீட்டில் சமைப்பதை நிறுத்தி வெளியே சாப்பிட்டுவிட்டு வந்தேன், வாசனை அவனைப் படுத்தக் கூடாதே என்று. கெட்டது எதையும் நான் அவனுக்குக் கொடுக்கவில்லை. நீங்கள் பரிசோதித்தும் ஒன்றும் கிடைக்கவில்லை இல்லையா?

கிராம்புக்காரி விடவில்லை. "அக்கா, எலும்பும் தோலுமா ஆயிட்டார். வேற டாக்டர்கிட்ட காட்டலாமே?"

"நீ பல்லு பார்க்கிறவ. இது வயிறு."

அவள் எனக்குத் தெரியாமல் இரண்டு முட்டை அவித்துக் கொண்டுவந்து ஊட்டியிருக்கிறாள். சுருங்கிப்போன வயிறு தாங்கவில்லை. எல்லாம் வெளியே வந்துவிட்டது. நான் அவனைத் துடைத்துவிட்டு அவளைப் பார்த்தேன், அவ்வளவுதான். அவள் அழுதுகொண்டே படி இறங்கினாள். கிருமி தொற்றும், யாரும் பார்க்க வரக் கூடாது என்று அதற்குப் பிறகு போனில் சொல்லிவிட்டேன். அவன் போனை எடுத்துப் பேசுவதும் தானாகக் குறைந்தது. கையைத் தூக்கினாலே நடுங்கியது.

ஒரு மாலை, நான் ஸ்பூனால் ஊட்டும்போது சொன்னான்: "அவ மட்டும் போகட்டும்கா. எனக்கு எழுந்து நிக்கவே அலுப்பா இருக்கு. நீ இருக்கேல்ல, போதும்."

இதைப் படிக்கிறவர்களுக்குப் புரியாது என்று தெரியும். ஆனாலும் சொல்கிறேன்: அன்றைக்கு என் மனம் நிறைந்திருந்தது. இத்தனை வருடம் தட்டுகளில் பார்த்தது வீணாகவில்லை. துவைத்த போர்வையை அவன் கழுத்துவரை இழுத்துவிட்டேன். தலையணை உறையை மாற்றப் போனபோது அடியில் ஒற்றைக் கிராம்பு கிடந்தது. எப்போது, யார் கொடுத்ததோ. அதை எடுத்துக் குப்பையில் போட்டேன்.

கடைசி நாளைப் பற்றித்தானே நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். கட்டிலில் இறந்தவனின் சட்டைக் கையில் வாசல் புழுதி எப்படி வந்தது என்று. சொல்கிறேன்.

காலையில் கடைக்குப் போய்விட்டுத் திரும்பினேன். எங்கள் கட்டடத்தின் முன்னால் ஒரு வாடகைக் கார் நின்றது. மூன்றாம் மாடி ஏறியபோது கதவு திறந்திருந்தது. நிலைப்படியில் குப்புறக் கிடந்தான். ஷூ போட்டிருந்தான், ஒன்றில் நாடா கட்டியிருந்தது, இன்னொன்றில் கட்ட முடியவில்லை போலிருக்கிறது. கட்டிலிலிருந்து அதுவரை அவன் எப்படி வந்தான் என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அந்த உடம்பில் அதற்குத் தெம்பு இருந்திருக்கவே முடியாது.

மூச்சு இருந்தது. என்னைப் பார்த்தான். "கீழே நிக்கிறா" என்றான். தானே இறங்கி வருவதாக அவளிடம் போனில் சொல்லியிருந்தானாம், பிறகு தெரிந்தது.

தோளுக்கடியில் கைகொடுத்து உள்ளே இழுத்தேன். கனமே இல்லை. தாழ்ப்பாள் போட்டேன். கீழே ஹாரன் கேட்டது. கட்டிலில் கிடத்தி, ஷூவைக் கழற்றி, அலமாரியில் பழைய இடத்தில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் அவள் ஏறி வந்து கதவைத் தட்டினாள். "தூங்குறான், எழுப்பாதே" என்று உள்ளேயிருந்தே சொன்னேன். அவள் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அவன் உதடு அசைந்தது; சத்தம் வரவில்லை. அவள் தட்டிக்கொண்டே இருந்தாள். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தட்டுவது நிற்பதற்குள் அந்தக் கை ஆறிவிட்டது.

அவனை நான் கொன்றதாக எழுதியிருக்கிறீர்கள். சரி, கையெழுத்துப் போடுகிறேன். அவன் என்னை விட்டுப் போய்க்கொண்டிருந்தான் என்றும் அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள், அதையும் எழுதிக்கொண்டீர்கள். அந்த ஒரு வரியை மட்டும் திருத்திவிடுங்கள், ஐயா. பார்த்தது நான் ஒருத்திதான். நிலைப்படிக்கு அந்தப் பக்கம் இருந்தது அவன் கை மட்டும்தான்.