ஒரு புள்ளி மாறாமல்

— சிங்கத்தையாவது எடுத்துரு, பிரேமா. கோயில் படியில சிங்கம் படுத்துக் கெடக்கு, பக்கத்துல ஒருத்தன் கண்ண மூடிக் கும்பிடுதான். கண்ணத் தொறந்தா என்ன ஆவான்?

— எடுக்க முடியாது அண்ணாச்சி. வெள்ளைக்காரன் படத்துல சிங்கம் இருக்கு.

— அவன் லண்டன்ல உக்காந்து என்னத்தக் குடிச்சிட்டு வரஞ்சானோ. நீ தூத்துக்குடியில உக்காந்து வரையுத. உனக்குத் தெரியாண்டாமா?

— நீங்கதான நெட்டுல படத்தக் காட்டிச் சொன்னிய? கையால வரஞ்ச காப்பி வேணும், ஒரு புள்ளி மாறக் கூடாதுன்னு.

— சொன்னேன். ஹார்பருக்கு வார கேப்டன்மார் தங்குத லாட்ஜ், வெள்ளைக்காரன் படம் இருந்தா மதிப்புன்னு நெனச்சேன். போன்ல பாக்கையில கோயில்னு மட்டுந்தான் தெரிஞ்சுது. இப்ப ஆறடிக்கு நிக்குது, எல்லாந் தெரியுது. ஏளா செல்வராணி, இங்கன வா. வெள்ளிக்கிழமை தெறப்புவிழாவுக்கு ரிசப்ஷன்ல மாட்டுத படத்தப் பாரு.

— ஏங்க, இது கோபுரமா? மக்ரூன அடுக்கி வச்ச மாதிரியில்லா இருக்கு.

— பூசாரியப் பாரு. தாடியும் முண்டாசும். நாப்பது வருசமா திருச்செந்தூருக்குப் போறேன், இப்படி ஒரு பூசாரியக் கண்டதில்ல.

— அது கெடக்கட்டும். ஏம்மா பிரேமா, இந்தப் பொம்பளையளுக்கு ரவிக்க எங்க?

— வெள்ளைக்காரன் போடலக்கா.

— நீ போடு. உங்க அண்ணாச்சி வாரவங்களுக்கு சாவி எடுத்துக் குடுப்பாகளா, இதுகளப் பாத்துக்கிட்டு நிப்பாகளா?

— ரவிக்கய விடுளா. பனமரம் எங்க? இது பேரீச்ச மரம். இதுல ஏறி எவன் பதனி எறக்குனான்?

— அவன் எகிப்து வழியா வந்திருப்பான் அண்ணாச்சி.

— வழியில கண்டதெல்லாம் அள்ளிப் போட்டுக்கிட்டு வந்தானாக்கும்.

— யானைக்குக் காதும் ஆப்பிரிக்க யானக் காது. நான் படிச்சது விலங்கியல். வரையும்போதே தெரிஞ்சுது. ஆனா மாத்தல.

— பெருமையா வேற சொல்லுதா. இந்தா பிரேமா, நேராச் சொல்லுதேன். இத மாட்டுனா ஊரே சிரிக்கும். மாத்தித் தா. இல்லன்னா ஸ்டோர் ரூம்ல கெடக்கட்டும், நான் செவத்துக்கு ஒரு பிளெக்ஸ் அடிச்சுக்கிடுதேன்.

— ஸ்டோர் ரூம் வேண்டாம் அண்ணாச்சி. லேப் வேலைக்கு லீவு போட்டு அஞ்சு மாசமா வரஞ்சது. வெள்ளிக்கிழமை எங்க அப்பா வாராக. படம் செவத்துல தொங்குனா நான் வேலைய விட்டுட்டு வரையலாம். தொங்கலன்னா திங்கக்கிழமை லேப்புக்குப் போயிரணும், பெறவு பிரஷையே தொடக் கூடாது. அதான் எங்க வீட்டுப் பேச்சு.

— அப்ப சிங்கத்த எடு.

— எடுத்தா அது காப்பியில்ல.

— ஏங்க, வாயத் தொறக்காத பிள்ள, உங்களையே எதுத்துப் பேசுதா பாருங்க. சரி, அது யாரு? மதிலுக்கு வெளிய, மணல்ல. விரல் உசரத்துக்கு நிக்காங்களே.

— ஆளுகதான் அக்கா. பதினோரு பேரு.

— எல்லாரும் உள்ள கும்பிடுதாங்க. இவங்களுக்கு மட்டும் வெளிய என்ன வேல?

— உள்ள விடமாட்டாங்க.

— யார?

— படம் வரஞ்சது ஆயிரத்தெண்ணூத்தி நாப்பத்தெட்டு. அப்ப யார விடமாட்டாங்கன்னு அண்ணாச்சிக்குத் தெரியும்.

— நம்மளையா?

— நம்மளத்தான் அண்ணாச்சி. பனையேறுத சாதின்னு.

— ஏளா, என் கண்ணாடிய எங்க?

— உங்க தலையிலதான் இருக்கு.

— ஆமா. எட்டி எட்டிப் பாக்கானுவ. ஒருத்தி பிள்ளையத் தோள்ல தூக்கிக் காட்டுதா. அட வெள்ளைக்காரா! சிங்கம் பொய்யி, பேரீச்ச பொய்யி, யானக் காதும் பொய்யி. இது மட்டும் எப்படில உன் கண்ணுல பட்டுச்சு?

— மெதுவாங்க. லாட்ஜ் கட்டுத மேஸ்திரி திரும்பிப் பாக்காரு.

— பாக்கட்டும். இந்தா, கடைசில நிக்க ஆளப் பாரு. வயித்தத் தள்ளிக்கிட்டு, இடுப்புல கைய வச்சு, விடமாட்டேன்னு சொல்ல நீ யாருலேன்னு கேக்கான். எங்க பாட்டையா இப்படித்தான் நிப்பாரு.

— அந்த வருசம் உங்க பாட்டையா பொறக்கவே இல்லியே?

— அவருக்கும் அப்பன் உண்டுல்லா? இது எங்க குடும்ப நிப்பு, ராணி. எங்கன பாத்தாலும் தெரியும். பிரேமா, ஒண்ணும் மாத்தாண்டாம். மாட்டு.

— சிங்கம்?

— கெடக்கட்டும்.

— ஏங்க, ரவிக்க?

— ரிசப்ஷன்ல நீ உக்காரு.

— அப்ப நான் ஆணி அடிக்கச் சொல்லட்டா அண்ணாச்சி?

— இப்பவே சொல்லு. கீழ பித்தாளத் தகட்டுல வெள்ளைக்காரன் பேரப் பெருசா வெட்டி வைப்போம். அந்தக் காலத்துல நம்மள ஒருத்தன் ஆளா மதிச்சு வரஞ்சிருக்கான் பாத்தியா. வாரவன் போறவன் எல்லாம் அவன் பேர வாசிக்கணும்.

— அவன் பேர வைக்காதீங்க அண்ணாச்சி.

— ஏன்?

— அவன் படத்துல மதிலுக்கு வெளிய வெறும் மணல்தான் இருக்கு.

— அப்ப இந்தப் பதினோரு பேரு?

— நான் வரஞ்சேன்.

— அடிப்பாவி! ஒரு சிங்கத்துக்கு அந்த மல்லு கட்டுனியே! எங்க குடும்ப நிப்ப நீ எங்கன கண்ட?

— போன மாசம் மேஸ்திரியத் திட்டிக்கிட்டு ரோட்டுல நின்னிய. அந்த ஆளு நீங்கதான் அண்ணாச்சி.