சீலனுக்கு ஒரு ஜோடி வாக்கி டாக்கி

பத்து கிலோமீட்டரா? டப்பாவுல எழுதியிருக்கறத எனக்குப் படிச்சிக் காட்டாதீங்கலா தம்பி. அத எழுதுனவன் எங்க தோட்டத்துக்கு வந்திருக்கானா? கடல்ல ஒரு போட்டுல நின்னுக்கிட்டு இன்னொரு போட்டுக்குப் பேசிப் பாத்திருப்பான். எங்க பக்கம் மேடும் பள்ளமுமா செம்பனை மரம் நிக்குது. பள்ளத்துல எறங்கிட்டா ஹேண்ட்போன்ல சிக்னலே காட்டாது. இதெல்லாம் அங்க ஒரு கிலோமீட்டரு எட்டுனாலே சாமி புண்ணியம். எடுத்து உள்ள வைங்க. அந்த மஞ்ச கலரு ஜோடியையும் சேத்து வைங்க, அது பிள்ளைங்க பார்க்குல ஓடிப் புடிச்சி வெளையாடறதுக்கு.

வெளையாட்டுக்கும் இல்ல, கேம்பிங் போறதுக்கும் இல்ல. என் மகனுக்கு. சத்தியசீலன், நாங்க சீலான்னு கூப்புடுவோம். வர்ற திங்கக்கெழம தோட்டத்துல ஜாகா வேலைக்கு, காவலுக்கு, நிக்கப் போறான். பழம் திருடறவனுங்க வராம மோட்டோவுல பிளாக்கு பிளாக்கா சுத்திப் பாக்கணும். அவங்க அப்பா பாத்த வேல. ஆமா, அவரு போயிட்டாரு. தீபாவளிக்கு முன்ன. மேட்டுலேருந்து எறங்கறப்ப மோட்டோ சறுக்கி, பெரிய பாரிட்டு ஒன்னு இருக்கு, தண்ணி போறது, அதுல கவுந்துட்டாரு. ஐயோ, நீங்க ஏன் தம்பி மொகத்த அப்படி வெச்சிக்கிறீங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்? இந்த பகாவ் டவுன்ல இருக்கறவங்களுக்கு எங்க தோட்டத்துல யாரு செத்தா, யாரு இருக்கா, எதுதான் தெரியும்.

வேண்டாம்னுதான் சொன்னேன். அவன் நீலாய்ல ஃபேக்டரியில நல்லா இருந்தான், ஏர்கொன் போட்ட எடம், ஷிஃப்டு முடிஞ்சா வேன்ல கொண்டாந்து விடுவாங்க. ஆனா வீட்டுல ஒருத்தராவது தோட்டத்துல வேல பாத்தாத்தான் நாங்க இருக்கற தோட்டத்து வீடு எங்களுக்கு. தோட்டத்து ஆபீஸ் கிராணி வந்து சொல்லிட்டுப் போனாரு. பாவம், கருமாதி முடியற வரைக்கும் பொறுத்திருந்துதான் சொன்னாரு, அவரு மேல கோவப்பட்டு என்ன பண்றது. மக ரோகினி இன்னும் படிச்சிக்கிட்டு இருக்கா. நாங்க சட்டி பானையத் தூக்கிக்கிட்டு எங்க போறது? அம்மா நான் பாத்துக்கறேன்னு சொல்லிட்டான். ஒரே வார்த்த. அதுக்கப்புறம் அதப்பத்திப் பேசறதே இல்ல. அப்பன மாதிரியே.

அதனால எனக்கு வேண்டியது ஒன்னே ஒன்னுதான் தம்பி. அவன் அங்கருந்து கூப்பிட்டா எனக்குக் கேக்கணும். மத்த ஒரு மண்ணும் வேணாம்.

இது என்ன, டார்ச்சா? டார்ச்சு எங்க வீட்டுலயே மூலைக்கு ஒன்னு கெடக்குது. பாட்டும் கேக்கலாமா? ஜாகா பாட்டு கேட்டுக்கிட்டு இருந்தா திருடனுக்குத்தான் நல்லது. இந்த கிளிப்பப் பாருங்க, நகம் பட்டாலே வளையுது. மோட்டோ குலுக்கற குலுக்கல்ல ரெண்டாம் நாளே பெட்டி ஒரு பக்கம், ஆளு ஒரு பக்கம் கெடக்கும். இந்த வெள்ளக் கலரு ஏன் வேணாம்னா, பேட்டரி உள்ளயே ஒட்டிக்கிட்டு இருக்கு. எங்களுக்கு மழ தூறுனாலே கரண்டு போயிரும். கழட்டி மாத்தற மாதிரி இருக்கணும். ஒரு பேட்டரி வீட்டுல சார்ஜுல கெடக்கணும், ஒன்னு அவன்கிட்ட இருக்கணும்.

இந்தக் கறுப்பு என்ன? கீழ் தட்டுல இருக்கே, அந்தப் பெட்டிதான். எடுங்க. கனமாத்தான் இருக்கு. இதுல ஸ்கிரீன் இல்லியா? நம்பரு ஒன்னும் தெரியாதா? மேல ஒரு திருகு, பக்கத்துல பேசற பட்டன், அவ்வளவுதானா? கம்ப்யூட்டர்ல சொருகி நீங்க வெச்சிக் குடுக்கறதுதான், ஆளுங்க கை வெச்சி மாத்த முடியாதா? செக்யூரிட்டிக்காரங்க வாங்கிட்டுப் போறதா? இத மொதல்ல காட்டியிருக்கணும்லா நீங்க. பொம்பள ஆளு வந்தா மஞ்சக் கலரத்தான் எடுத்து வைக்கணும்னு யாரு சொல்லிக் குடுத்தா. உங்க அப்பா துரைசிங்கம் ஐயா இதே எடத்துல ரேடியோ ரிப்பேரு செஞ்சாரு, எதுக்கு வேணும்னு கேட்டுட்டுத்தான் ஸ்க்ரூ டிரைவரையே தொடுவாரு.

கோவிச்சிக்காதீங்க. வாயி இப்படி ஆயிருச்சி. ஒன்னு நீங்க எடுத்துக்கிட்டு பஸ் ஸ்டேஷன் வரைக்கும் போங்க. கடைய நான் பாத்துக்கறேன், ஒரு டப்பாவும் எங்கயும் போயிராது. பேங்கு தாண்டி, அந்தப் பழக் கடையும் தாண்டிப் போயி பேசுங்க.

கேக்குதா தம்பி? பட்டன அமுக்குன ஒடனே பேசாதீங்க, மொத வார்த்தைய முழுங்கிருது. அமுக்கி, மூச்சு விட்டுட்டு, அப்புறம் பேசுங்க. ஆங், இப்ப சரி. இன்னும் தள்ளிப் போங்க. மார்க்கெட்டு பின்னால போங்க, செவரு மறைக்கட்டும். நான் பேசறப்ப நீங்க பேசாதீங்க, எனக்குக் கேக்காது, ஒருத்தரு விட்டாத்தான் ஒருத்தரு. நல்லா கேக்குது. யாரோ மீன் வெல சொல்றாங்க, அதுகூட வருது. போதும், வாங்க.

வேர்த்துப் போச்சி உங்களுக்கு. ஒக்காருங்க. இதுதான் தம்பி, இதையே குடுங்க. அந்த மேல் திருகுல டேப்பு சுத்திக் குடுங்க, தானா திரும்பிடக் கூடாது.

என்னது? கோடா? மத்தவங்க பேச்சு நம்ம பெட்டியில வராம நம்பரு போட்டு வைக்கறதா?

வேணாம். அது போட வேணாம். மத்தவங்க பேசறது வந்தா வந்துட்டுப் போகுது. கெட்ட வார்த்த பேசுவாங்களா? பேசட்டும். நான் பேசாத கெட்ட வார்த்தையா. இல்ல தம்பி, எல்லாரும் போட்டுக்கிட்டுப் போனா போகட்டும். எங்களுக்கு வேணாம். கம்ப்யூட்டர்லயும் வைக்காதீங்க.

விட மாட்டீங்க போலருக்கே. சரி, அந்த நாற்காலிய இப்படி இழுத்துப் போடுங்க, ரோட்டப் பாத்த மாதிரி. சீலன் அந்தப் பக்கம் டயரு மாத்தக் குடுத்திருக்கான். அவன் வந்தா பேச்ச நிறுத்திருவேன், நீங்களும் ஒன்னும் கேக்கக் கூடாது.

இதுக்கு முன்ன எங்ககிட்ட ஒரு ஜோடி இருந்துச்சி. உங்க கடையில வாங்கல, பயப்படாதீங்க. அவன்தான் ஃபேக்டரியில சேந்த புதுசுல ஆன்லைன்ல வாங்கிட்டு வந்தான். அப்பா தனியா சுத்தறாரு, ஏதாச்சும்னா கூப்பிடட்டும்னு. ஒன்னு அவருக்கு, ஒன்னு அடுப்படி ஜன்னல்ல. வாங்கி வெச்ச நாள்லேருந்து, பக்கத்துல குத்தகைக்குப் பழம் அறுக்கற ஆளுங்க இருக்காங்கல்ல, அவனுங்க பேசறது பூரா எங்க வீட்டுல கேக்கும். சிரிப்பு, திட்டு, பொம்பளைங்களப் பத்தி. வீட்டுல வயசுப் பொண்ணு இருக்கா. நான்தான் கத்துனேன், இந்தச் சனியன என்னான்னு பாருடான்னு. சீலன் என்னமோ வீடியோ பாத்து, ரெண்டு பெட்டியிலயும் கோடு போட்டான். ஓரமா பன்னெண்டுன்னு ஒரு சின்ன நம்பரு வந்துச்சி. அதோட அவனுங்க சத்தம் நின்னுச்சி. அவனுங்க பேசறப்ப பச்சையா ஒரு லைட்டு மட்டும் எரியும், சத்தம் வராது. எங்களுக்கும் பழகிப் போச்சி. லைட்டு எரிஞ்சா அவனுங்க பேசறானுங்க, அவ்வளவுதான்.

அன்னிக்கு மத்தியானம் சோத்துக்கு வரல இவரு. கூப்பிட்டேன். பதிலு இல்ல. கோவம் வந்துச்சி எனக்கு, கருவாட்டுக் கொழம்பு வெச்சிருந்தேன், கேட்டு வெக்கச் சொன்னதே அவருதான். சோறு ஆறுதுன்னேன். காது அடச்சிப் போச்சான்னேன். கொஞ்ச நேரம் விட்டுட்டு மறுபடியும் கூப்பிட்டேன். துணி மடிச்சிக்கிட்டே கூப்பிட்டேன், சாமி வெளக்கு தொடச்சிக்கிட்டே கூப்பிட்டேன். ஒவ்வொரு தடவையும் நான் பேசி முடிச்சி பட்டன விட்டதும் அந்தப் பச்ச லைட்டு எரிஞ்சிச்சி தம்பி. இந்தக் கண்ணால பாத்துக்கிட்டு இருந்தேன். இந்தக் குத்தகைக்காரனுங்க வேற, ஓயாம பேசிக்கிட்டுன்னு நெனச்சேன்.

புரியுதா? உங்களுக்குப் புரிஞ்சிருச்சி. மொகம் மாறுது.

அவரு பெட்டியில அந்த நம்பரு இல்ல. சட்டப் பையில குலுங்கிக் குலுங்கி எந்தப் பட்டன் அமுங்குச்சோ, எப்பப் போச்சோ. நான் பேசறது பூரா அவருக்குக் கேட்டுச்சி. அவரு பேசுனது எங்க பெட்டிக்கு வந்துச்சி, நம்பரு இல்லேன்னு சத்தத்த மட்டும் அது விடல. குத்தகைக்காரனுங்க அன்னிக்கு வேலைக்கே வரலன்னு அப்புறம்தான் தெரிஞ்சிச்சி. கால் மேல மோட்டோ கெடந்துருக்கு. ஆஸ்பத்திரியில சொன்னாங்க, விழுந்த ஒடனே போகல, ரொம்ப நேரம் உயிரு இருந்திருக்குன்னு. கல்யாணம் ஆன நாள்லேருந்து நான் பேசுவேன், அவரு கேப்பாரு. அன்னிக்குத்தான் அவரு பேசியிருக்காரு. என்ன பேசுனாரோ.

வெயிலு எறங்கறப்ப இந்தோனேசியாக்காரன் ஒருத்தன், லொம்போக்கு ஆளு, எங்க தோட்டத்துலயே பழம் அறுக்கறவன், ஓடி வந்தான். அக்கா, உங்க குரலு பாரிட்டுக்குள்ள கேக்குதுன்னு சொன்னான். பேயி கீயின்னு பயந்துதான் எட்டிப் பாத்திருக்கான். நான்தான் மொதல்ல போனேன். ஒடம்புல இன்னும் சூடு இருந்துச்சி. பெட்டி கையிலதான் இருந்துச்சி, வெரல எடுத்துத்தான் வாங்க வேண்டியதாப் போச்சி.

அப்பகூட எனக்கு ஒன்னும் வெளங்கல. பொணத்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுப் போயிட்டாங்க, வீடு பூரா ஆளுங்க. எதுக்கோ ரெண்டு பெட்டியையும் பக்கத்துல வெச்சிப் பாத்தேன். ஒன்னுல பன்னெண்டு இருக்கு, ஒன்னுல இல்ல. குளியலறைக்குள்ள போயி தாப்பா போட்டுக்கிட்டேன். எங்க பெட்டியில பேசுனேன், அவரு பெட்டியில கேட்டுச்சி. அவரு பெட்டியில பேசுனேன், எங்க பெட்டியில பச்ச லைட்டு எரிஞ்சிச்சி. சத்தமே இல்ல. ரெண்டு மூனு தடவ செஞ்சி பாத்தேன்.

வெளியில சீலன் கதவத் தட்டறான், அம்மா, அம்மான்னு. அவன் போட்ட கோடு தம்பி அது. நான் சொல்லித்தான் போட்டான், ஆனா அவன் கையால போட்டது. நான் என்ன பண்ணேன் தெரியுமா? அவங்க அப்பா பெட்டிய வாளித் தண்ணிக்குள்ள முக்கிப் புடிச்சிக்கிட்டேன். அதுல இருந்த வெளிச்சம் அணையற வரைக்கும் கைய எடுக்கல. அப்புறம் கதவத் தொறந்து அவன்கிட்ட குடுத்தேன். பாருடா, பாரிட்டுத் தண்ணி உள்ள போயி கெட்டுப் போச்சி, அதான் அப்பாவால கூப்பிட முடியலன்னு சொன்னேன்.

அந்த லொம்போக்கு ஆள மறுநாளு தனியாப் பாத்து கையெடுத்துக் கும்பிட்டேன், பெட்டியில என் குரலு கேட்டத என் மகன்கிட்ட நீ சொல்லாதப்பான்னு. அவன் ஊருக்கே போயிட்டான். இப்ப தெரிஞ்சது நானும் நீங்களும்தான்.

பொய்யி சொல்லலாமான்னு பாக்கறீங்க. அவன் இப்பவே சரியா சாப்பிடறதில்ல. தண்ணி போகாத செட்டா வாங்கியிருக்கணும்மா, வெல கம்மின்னு அத வாங்கிட்டேனேன்னு சொல்லிச் சொல்லி அழுவறான். அழட்டும். அது என்னிக்காவது ஆறும். இது தெரிஞ்சா ஆறாது தம்பி. இத வெச்சிக்கிட்டு அவன் தனியா அந்த பிளாக்குல சுத்துனா, அப்புறம் அவன நான் எந்தப் பாரிட்டுல போயி தேடறது?

அதனால நீங்க எனக்கு ஒரு ஒதவி செய்யணும். அவன் வந்து கேப்பான், விவரம் தெரிஞ்சவன், இதுல கோடு போடலாமான்னு கேப்பான். இந்த மாடல்ல கிடையாதுன்னு சொல்லிருங்க. கோடுன்னா என்னா, போட்டா எது கேக்கும், எது கேக்காதுன்னு வெளக்கம் குடுக்க ஆரம்பிச்சிராதீங்க. அவன் கெட்டிக்காரன், ரோட்டத் தாண்டறதுக்குள்ள கணக்குப் போட்டுருவான்.

அந்தா, மோட்டோவ நிறுத்தறான். கொஞ்சம் டிஷ்யூ இருந்தா குடுங்க. போதும். சரியாயிருச்சா மூஞ்சி?

வா சீலா, டயரு போட்டாச்சா? இங்க பாரு, இந்தக் கறுப்புதான், பாத்து முடிச்சிட்டேன். மழையில கெடந்தாலும், பாரிட்டுலயே விழுந்தாலும் ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போகாதாம். சொல்லுங்க தம்பி.