கடலுக்குக் கீழே ஒரு வாடகை வீடு

திருவாரூர் பஸ் குடவாசல் தாண்டியதும் முன் இருக்கைக்காரர் போனில் கத்தினார்: "கடலுக்குக் கீழ யாராச்சும் வாடகைக்குக் குடிபோவாங்களாடா?"

பாதி பஸ் திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் அவர் மனைவி. ஸ்பீக்கரில் மகன், நெதர்லாந்திலிருந்து.

"கடல்மட்டத்துக்குத்தாம்ப்பா கீழ. இந்த மாகாணமே கடல்தண்ணிய எறைச்சு எடுத்த பூமி. பம்ப் ஓடிக்கிட்டே இருக்கும்."

"கரண்டு போனா?"

"இங்க போகாதுப்பா."

"அந்த மாகாணத்துல வேற ஊரே இல்லியா?"

"உர்க்னு ஒண்ணு இருக்கு. முன்னாடி தீவா இருந்த மேடு. ஆனா நான் வீடு பாத்திருக்குற அல்மேரேயிலதான் ரயில் இருக்கு, நகராட்சியும் பெருசு."

"பெருசா இருந்து என்ன பண்ண? தண்ணி வடியணுமே! கடைமடையில பொறந்தவனுக்கு இதுகூடத் தெரியாதா? உர்க்குலயே வீடு பாரு."

அந்த அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே சொன்னார்: "நம்ம வீடு கட்டயில மேடு பள்ளம் பாத்தீங்களாக்கும்? ஐப்பசி வந்தா கட்டிலுக்கு அடியில செங்கல் வச்சுத்தானே படுக்குறோம்."

"அது உங்கப்பா குடுத்த மனை. மாமனார் குடுக்குறப்ப மட்டம் வச்சா பாக்க முடியும்?"

போனில் மகன் மெதுவாகச் சொன்னான்: "அப்பா, அல்மேரே வீடும் என் மாமனார் நெட்டுல தேடிப் பாத்துச் சொன்னதுதான்."

அவர் மனைவியை ஒரு பார்வை பார்த்தார். அந்த அம்மா வாயை முந்தானையால் மூடிக்கொண்டார்.

"அப்ப சரி," என்றார் போனில். "கட்டில மட்டும் நல்லா உசரமா வாங்கிப் போடு."